கப்பல் வராத நாளில் தொம்மை

1

இந்தக் கதையைச் சவரக்கடையில் திருடினேன். சொன்னவர் முகமெல்லாம் சோப்பு நுரை. பாதிச் சொல்தான் வெளியே வந்தது. மீதி என் உழைப்பு. ஓய்வு பெற்றவன் வேறெதற்கு உழைப்பான்?

2

முதல் தொடக்கம்: யுத்தம் முடிந்த மறு வருஷம், தூத்துக்குடித் துறைமுகத்தின் மேல் சூரியன் தங்கத் தாம்பாளமாக…

(வேண்டாம். தொம்மைக்கும் சூரியனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.)

இரண்டாவது தொடக்கம்: தொம்மை முன்பு சங்கு குளித்தவர். அவர் மூச்சடக்கி உள்ளே போனால், மேலே தோணிக்காரர்கள் சோறு வடித்துச் சாப்பிட்டுக் கையும் கழுவிவிடலாம். (கை கழுவியது என் சேர்க்கை.) காதில் ரத்தம் வரும், சுறா வரும். ஆனாலும் அவர் கயிற்றை அசைத்ததும் மேலே இழுத்தாக வேண்டும். முடியாத நாளில் "இன்னிக்கு நான் வரல" என்பார், அதற்குமேல் பேச்சில்லை.

பிறகு ஒரு கப்பல் கம்பெனியின் லாஞ்சில், அதாவது மோட்டார் படகில், வேலை கிடைத்தது. கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போடும். வந்ததும் கம்பெனி மாடியில் சிவப்புக் கொடி ஏறும். லாஞ்சுக்காரர்கள் ஓட வேண்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா. சுகமான வேலை என்று ஊரே பொறாமைப்பட்டது.

அந்தச் சும்மாதான் அவரைத் தின்றது. கொடி எப்போது ஏறும் என்று யாருக்குத் தெரியும்? சாப்பிடும்போது வாசலைப் பார்த்தே உட்காருவார். பூசையில் முழங்காலிட்டாலும் ஒரு கண் சன்னலுக்கு வெளியே. ஒரு நாள் தூக்கத்தில் எழுந்து ஓடி, ஆட்டுக்கிடாயின் மேல் ஏறி நின்று "நங்கூரத்த தூக்குல!" என்று கத்தினார். (ஆட்டை நான்தான் சேர்த்தேன்.)

3

மகள் ரோஸின் கல்யாணக் காலை. கோயிலுக்குப் புறப்படுமுன் அப்பாவின் முன் முழங்காலிட்டாள். நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து அனுப்புவது அவர்கள் வழக்கம். மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டார். குறுக்குக் கோட்டுக்கு விரல் நகரும்போது, மகளின் தலைக்கு மேலே, சன்னலுக்கு வெளியே, சிவப்பு.

ஓடினார்.

(இந்த ஓட்டத்தை மூன்று பக்கம் எழுதினேன். வேட்டி அவிழ்ந்தது, வாழைக்குலை சரிந்தது, மாப்பிள்ளையின் சித்தப்பா பேண்டு மேளத்துக்குள் விழுந்தார். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம்தான் ரோஸ் இன்னும் முழங்காலிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. கிழித்துப் போட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.)

4

தெருமுனையில் நிமிர்ந்து பார்த்தார். கொடி இல்லை. முனைவீட்டு மாடியில் அந்த வீட்டுச் சந்தனமாரி சிவப்புச் சேலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, கோயிலுக்குப் பொறப்படாம இங்கன நிக்கிய?"

"அது… சீலையா?"

"பின்ன? பாய்மரமா?"

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். இந்த ஆளை என்னால் நம்ப முடியவில்லை. திரும்பி நடந்தால் வீடு. ஆனால் சேலையைக் கண்டு ஓடினேன் என்று சம்பந்திகளிடம் எந்த வாயால் சொல்வது? நிஜமாகவே ஒரு கப்பல் வந்திருந்தால் மானம் தப்பும். ஆகவே தொம்மை துறைமுகத்துக்கே போனார்.

காப்பிக்கடை மந்திரமூர்த்தி எட்டிப் பார்த்தார்.

"என்னவே தொம்மை, மாப்பிள்ளைய லாஞ்சிலயா ஏத்திட்டு வரப்போறீரு?"

"கப்பல் வருதாம், அண்ணாச்சி."

"எந்தக் கப்பலு? ஒரு வாரமா சுருட்டி வச்ச கொடியில எலி குட்டி போட்டுல்லா கெடக்கு!"

தொம்மை கேளாதவர்போல லாஞ்சில் இறங்கி உட்கார்ந்தார். அன்று அவரை யாரும் கூப்பிடவில்லை. அன்று முழுவதும் அவருடைய நாள். அவர் அதை…

(இந்த வாக்கியம் இதற்குமேல் நகரவில்லை.)

5

முடிவுகள்.

அ) கப்பல் வந்துவிடுகிறது. (எழுதிப் பார்த்தேன், எனக்கே வெட்கமாக இருந்தது. கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.)

ஆ) தொம்மை கடலில் குதிக்கிறார். (சங்கு குளித்தவர் அவ்வளவு சுலபமாக மூழ்கமாட்டார்.)

இ) ரோஸே வருகிறாள். கோயிலில் எல்லோரும் காத்திருக்க, கல்யாண முக்காட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, லாஞ்சுக்கு நேரே கரையில் நிற்கிறாள். கண்ணுக்கு எட்டிய வரை வெறும் தண்ணீர்.

"கப்பல் எங்கப்பா?"

இந்தப் பதிலைத்தான் எழுதி எழுதி அடிக்கிறேன். "கொடி ஏறுனாப்ல இருந்துச்சுளா" என்று சொல்லவைத்தேன், அவள் நம்பவில்லை. "திரும்பி வர வெக்கமா இருந்துச்சு" என்று சொல்லவைத்தேன். அவர் வாய் திறக்கவில்லை.

அவள் வெயிலில் நிற்கிறாள். வாசகரே, அவருக்கு ஒரு வார்த்தை கொடுங்கள். நான் காப்பி குடிக்கப் போகிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லைதான். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இங்கே உட்கார முடியவில்லை.