பெயருக்கு இருபுறமும் பூக்கள்

மும்பை சுனாபட்டியில் மகனின் புது வீட்டுக் கூடத்தில் மாதவ் பொட்டலத்தைப் பிரித்தபோது ஷ்யாமளா மகனைப் பார்க்கவில்லை, மருமகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் கிராஸ் ஸ்டிச் தையலில் ஒரு ஓட்டு வீடு, வாசலில் படரும் பூங்கொடி. அதன் கீழே சிவப்பு நூலில், தமிழில், 'மாதவ்'. பெயருக்கு இரண்டு பக்கமும் நீலப் பூக்கள். சஃப்ரீன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவள் விரல் கண்ணாடியின் மேல் இடது பூவில் தொடங்கி, பெயரைக் கடந்து, வலது ஓரத்துக் கடைசிப் பூவரை போயிற்று. அங்கே இன்னும் ஓர் எழுத்து இருக்கலாம் என்பதுபோல் சற்று நின்றது.

அந்தத் துணியையும் நூலையும் கட்டம் போட்ட பேட்டர்ன் தாளையும் மாட்டுங்காவில் வாங்கி, செம்பூரில் ஷ்யாமளாவின் வீடு வரை வந்து கொடுத்தவளே அவள்தான். பதிவுத் திருமணம் முடிந்தும் ஷ்யாமளா அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத நாட்கள் அவை. படத்துக்குக் கீழே பெயர் போட இடம் விட்டிருக்கிறது, எங்கள் இரண்டு பேர் பெயரையும் நீங்களே போட்டுக் கொடுங்கள் மாமி என்று கேட்டிருந்தாள்.

பேட்டர்னில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருந்தன. ஷ்யாமளா கிராஃப் தாளை விரித்து, தமிழ் எழுத்துகளைக் கட்டம் கட்டமாகத் தானே வரைந்தாள். இரண்டு பெயர் என்றால் இரண்டையும் சேர்த்து வரைந்து, அந்த வரியின் நடுக்கட்டத்தைத் துணியின் நடுவோடு பொருத்த வேண்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல. மகன் பெயரை மட்டும் வரைந்தாள். இது முதலில் இருக்கட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று அதை நட்டநடுவில், பெரிதாக வைத்தாள். பென்சிலில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது, பக்கத்தில் இன்னொரு பெயர் அடங்காது. ரப்பர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். தைத்து முடித்ததும் இரண்டு பக்கமும் வெறிச்சென்று இருந்தது. பூப் போட்டு அடைத்தாள்.

"தனிக்குடித்தனம்னா இதானா மன்னி?" என்றாள் ஷ்யாமளாவின் நாத்தனார் பத்மஜா, சட்டத்தை எட்டிப் பார்த்து. "மாதவ் மட்டும் தனியாவா இருக்கப்போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். தாராவியிலிருந்து வந்திருந்த சஃப்ரீனின் அப்பா ஷாகுல் ஹமீதும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, கையிலிருந்த டீயைப் பார்த்தார்.

"பேட்டர்ன்ல இடம் இல்லை" என்றாள் ஷ்யாமளா. சொன்ன பிறகுதான், அதை வாங்கியவள் எதிரிலேயே நிற்பது உறைத்தது.

"நான்தான் வேண்டாம்னேன்" என்றாள் சஃப்ரீன், பத்மஜாவிடம். "என் பேரு நீளம்லா."

மாதவ் ஆணி அடித்து மாட்டினான். ஷ்யாமளாவின் கணவர் வேங்கடசுப்ரமணியன், சம்பந்தியிடம் மனைவியின் கைவேலையைப் புகழ ஆரம்பித்தார். அதைக் கேட்டு நிற்க முடியாமல் ஷ்யாமளா சமையலறைக்குப் போனாள். அங்கே சஃப்ரீன் பாயசத்தை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"வாப்பா பாத்துக்கிட்டு இருந்தாங்கள்லா மாமி." கரண்டி நிற்கவில்லை. "அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"இடம் இருந்தது. நான்தான் பூ வச்சு அடைச்சேன்."

"தெரியும்" என்றாள் சஃப்ரீன். பிறகு, "உங்களுக்கு முந்திரி போடட்டா, வேண்டாமா?" என்று கேட்டாள். கோபம் இல்லை. தெரியாத வீட்டு விருந்தாளியைக் கேட்பதுபோல் இருந்தது.

ஷ்யாமளா கூடத்துக்குத் திரும்பி ஆணியிலிருந்து சட்டத்தை எடுத்தாள். நன்னாத்தானே இருக்கு என்றான் மாதவ்.

"நான் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள். "அவ ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலை. நான்தான் போடலை."

ஷாகுல் ஹமீது டம்ளரைக் கீழே வைத்தார். ஷ்யாமளா ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, பின்னட்டையைக் கழற்றித் துணியை எடுத்து, ஒரு சின்னக் கத்தரி கேட்டாள். பூக்களை மட்டும் பிரித்தால் போதாது. நடுவில் இருப்பதும் நகர வேண்டும். கத்தரி முனையை மகன் பெயரின் முதல் எழுத்துக்கு அடியில் கொடுத்தாள். துணி நழுவியது.

சஃப்ரீன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மாமியாரின் முகத்தைப் பார்க்காமல், துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்தாள். நூல் போன இடங்களில் துளைகள் அகன்றிருந்தன. ஜன்னல் வெயில் அவற்றின் வழியே இறங்கி, சஃப்ரீனின் புறங்கையில் பொடிப்பொடியாக விழுந்தது.