பிறந்தநாளுக்குக் காய்ச்சிய சஹ்தி

சனிக்கிழமை வெய்க்கோவுக்கு எழுபது நிறைந்திருக்க வேண்டும். செவ்வாய் காலையிலேயே விறகுக் கொட்டகையில் சாய்ந்துவிட்டார். அடக்கத்துக்கு மூன்று வாரம் தள்ளித்தான் நாள் கிடைத்தது. அந்தக் குளிர்நாட்டுப் பக்கத்தில் அது வழக்கம்தான். சவம் காத்திருக்கும், சஹ்தி காத்திருக்காது.

வீட்டிலேயே முளைகட்டி உலர்த்திய பார்லியிலும் ரை தானியத்திலும் காய்ச்சுகிற பீர் அது. தேன் மாதிரி கனத்து, இனித்து இறங்கும். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவை வெய்க்கோ கண்ணிலேயே காட்டமாட்டார். "கசப்புக்குத்தான் வாழ்க்கை இருக்கே, பீர்ல வேற எதுக்கு?" என்பார். ஆனால் பீரைக் கெடாமல் காப்பது அந்தக் கசப்புதான். அது இல்லாத சஹ்தி குளிர்ந்த நிலவறையில் பத்து நாள் தாங்கினாலே அதிகம்.

பிறந்தநாள் விருந்துக்கென்று முந்தின சனிக்கிழமையே காய்ச்சி, சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் வெதுவெதுப்பான முன்னறையில் பொங்க வைத்திருந்தார். விறகு எடுத்து வந்ததும் பீப்பாயை நிலவறைக்கு இறக்குகிறேன் என்று மனைவி ஹில்க்காவிடம் சொல்லிவிட்டுப் போனவர்தான். அப்புறம் ஆம்புலன்ஸ், போதகர், சவப்பெட்டி. அம்மா உடம்புக்கு இதமாக இருக்கட்டும் என்று வியாழக்கிழமை மகள் மார்யுத் சவுனாவுக்குத் தீயும் மூட்டினாள். பீப்பாயை யார் நினைத்தார்கள்?

சனிக்கிழமை காலையில்தான் ஹில்க்காவுக்குச் சுரீரென்று நினைவு வந்தது. ஓடிப்போய் ஒரு வாய் எடுத்து வைத்தாள். நாக்கு சுருண்டது. காடி.

"கொட்டிடலாம்மா," என்றாள் மார்யுத். "விருந்துக்குச் சொன்ன எல்லாருக்கும் வர வேண்டாம்னு போன் பண்ணிட்டேன்."

"அவர் கையால கடைசியா செஞ்சது. ஒரு வாய்கூட யாரும் குடிக்காம மண்ணுக்கா போகணும்?"

"புளிச்சுப்போனத யாரும்மா குடிப்பா?"

ஹில்க்கா பீப்பாயைத் திரும்ப மூடினாள். ஆண்டவரே, இதை மட்டும் என் கையால் கொட்ட வைக்காதேயும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். வேறு எதையும் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

மதியம் இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வயலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் கலெர்வோ. கறுப்புக் கோட்டு, படிய வாரிய தலை. முப்பது வருஷமாக வெய்க்கோவின் ஒவ்வொரு பீப்பாயையும் குடித்துவிட்டுத் திட்டியவர் இவர். "இது சஹ்தியா, கழுநீரா?" என்பார். "கழுநீர்னா மூணாவது கோப்பை எதுக்குடா?" என்பார் வெய்க்கோ. கடைசிப் பீப்பாயும் இந்த வாயில்தான் விழ வேண்டுமா?

"மார்யுத் போன் பண்ணலையா?" என்று கேட்டாள் ஹில்க்கா.

"பண்ணினா. 'என்னைக் கூப்பிட்டது உங்கப்பன். வேண்டாம்னு சொல்ல நீ யாரு பொண்ணே?'ன்னு கேட்டேன். போனை வெச்சிட்டா." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு மணின்னான். வந்துட்டேன். ஊத்து ஹில்க்கா."

"கெட்டுப்போச்சு கலெர்வோ. அவர் மேல தப்பில்ல. நாந்தான் நிலவறைக்கு எடுத்து வைக்காம மறந்து..."

"ஊத்துன்னேன்."

இரண்டு கைப்பிடி வைத்த மரக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். முதல் வாயிலேயே அவர் புருவம் நெரிந்தது. வரப்போகும் திட்டுக்காக அவள் காத்து நின்றாள். அவர் நிறுத்தவில்லை. அடிவரை குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, கோப்பையை நீட்டினார்.

"இன்னொண்ணு."

"எப்படி இருக்குன்னு சொல்லிடுங்களேன். எப்பவும் சொல்லுவீங்களே."

"திருப்பிச் சொல்ல அவன் இருந்தான், நானும் சொன்னேன்," என்றார் கலெர்வோ. "பதில் பேச முடியாதவன்கிட்ட வாய் காட்டுறது நியாயமா?"

செவ்வாய்க்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் ஹில்க்காவுக்கு வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். சுவரோரம் நின்ற மார்யுத் மெல்ல வந்து, கலெர்வோ கையிலிருந்த கோப்பையை வாங்கி நிரப்பினாள்.

"வியாழக்கிழமை சவுனாவச் சூடாக்கினது நாந்தாம்மா."

"முழுசாக் குடி," என்றார் கலெர்வோ. "பாதியில வெச்சா உங்கப்பனுக்குப் பிடிக்காது."

அவள் குடித்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, முழுவதும் குடித்தாள். பிறகு ஹில்க்காவும் குடித்தாள். புளிப்புக்கு அடியில் எங்கேயோ வறுத்த தானியத்தின் இனிப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது வெய்க்கோவின் கை.

ஒரு பீப்பாயை மூன்று பேர் குடித்து முடிக்க முடியாது. யாரும் கேட்காமலே கலெர்வோ எழுந்து, பீப்பாயை வெளியே உருட்டிப்போய், கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, பிர்ச் மரங்களுக்கு அடியில் மெதுவாகக் கவிழ்த்தார். மணக்கும் ஜூனிப்பர் செடியின் கிளை போட்டுக் காய்ச்சிய வெந்நீரால் உள்ளே கையை விட்டுத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார். இறந்தவருக்குச் செய்யும் கடைசிக் காரியம் மாதிரி அத்தனை நிதானம்.

ஹில்க்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் ஆண்டவரிடம் கேட்டது கிடைத்துவிட்டது. வீடு மட்டும் அப்படியே வெறுமையாக இருந்தது. வெளியே பனி இறங்க ஆரம்பித்தது. கிழவர் வெறும் சட்டையோடு நிற்கிறாரே என்று, வேலியில் கிடந்த கோட்டை எடுத்துக் கொடுக்க அவள் வெளியே போனாள்.