வாஷிங் மெஷின் திரும்பிப் போன வாரம்

2001-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஜோகுபாளையத்தில் மௌரீன் வீட்டு வாஷிங் மெஷின் தானாகவே வாசற்படி இறங்கி, வாங்கிய கடைக்கு நடந்து போயிற்று. பழைய மெட்ராஸ் ரோட்டில் சிக்னல் விழும்வரை ஓரமாக நின்று பிறகுதான் கடந்தது என்று எதிர்வீட்டு கோவிந்தராஜன் சொன்னார்.

மௌரீன் அப்போது வீட்டில் இல்லை. ஆபீஸிலும் இல்லை. ஒரு சாப்ட்வேர் கம்பெனியின் ரிசப்ஷனில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவளை, அமெரிக்க ஆர்டர்கள் நின்றுபோன ஜூன் மாதம் ஒரு கவரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி சூப்பர்வைசராக இருந்த கணவர் தியோடரிடம் அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் சோற்றைத் தள்ளிவைத்துவிடுவார். தினமும் காலையில் சேலையை மடிப்பெடுத்துக் கட்டி, டிபன் டப்பாவோடு பஸ் ஏறினாள். வேலை இருக்கிறது என்று காட்டிக்கொள்ளச் செலவு செய்வதைவிட நல்ல வழி அவளுக்குத் தெரியவில்லை. ஆகஸ்டில் ஒரு மிக்ஸி வாங்கிவந்தாள். அடுத்த வாரமே, அவளுக்குச் சளைத்தவரா என்ன, தியோடர் தவணையில் சோபா செட் இறக்கினார். அவள் வாஷிங் மெஷின் எடுத்தாள். அவர் பெரிய கலர் டிவி எடுத்தார். அந்த இரண்டு அறை வீட்டில் பக்கவாட்டாகத்தான் நடக்க முடிந்தது. கடைசியில் தியோடர் கார் என்றார். மகள் பிரிஜெட்டின் நர்சிங் படிப்புக்குப் போட்டிருந்த டெபாசிட்டை உடைத்து வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டுவதாக முடிவாயிற்று. வேண்டாம் என்று சொல்ல மௌரீனுக்கு வாய் எழவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டிவருமே.

பகல்பொழுதை அவள் அல்சூர் பக்கத்து தியேட்டர் ஒன்றில், மேட்னி ஷோவில் கழித்தாள். ஊரெல்லாம் கை இறுகிப்போயிருந்த அந்த வருஷம், ஊதாரிகளைப் பற்றிய சிரிப்புப் படங்களாகவே வந்தன. ஒரு படத்தில் ஒருவன் பெண்டாட்டி தாலியை அடகுவைத்து கோட்டு தைத்துக்கொண்டான். இன்னொன்றில் வேலை போன குமாஸ்தா ஒருவன், அக்கம்பக்கத்தார் வாயை மூட யானை வாங்கி, அதை மாடிப்படியில் ஏற்றப் பார்த்தான். நாலு மாதமாக உதட்டைப் பிரிக்காமல் படம் பார்த்துவந்தவள், அந்தச் செவ்வாயன்று யானை பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வாஷிங் மெஷின் கிளம்பியது அந்த நேரம்தான்.

புதன்கிழமையும் சிரித்தாள், மிக்ஸி போயிற்று. தேடிக்கொண்டு போனபோது கடைக்காரர் ரேவண்ணா அலட்டிக்கொள்ளவே இல்லை. "பர்லி பிடிம்மா, வந்தா வரட்டும். உங்களுது மட்டுமா வருது? நீலசந்திராலருந்து காலையில ரெண்டு பீரோ வந்திச்சி," என்று ரசீதைக் கிழித்துப் போட்டு, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் மெஷின் எங்கே, மிக்ஸி எங்கே என்று தியோடர் கேட்கவில்லை. அவர் எதையுமே கேட்காதவராகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

வியாழக்கிழமை யானை படியேறுவதற்கு முன்பே இரண்டு வரிசை தள்ளி யாரோ சிரித்தார்கள். அடிபம்பு காற்றை இழுப்பதுபோல் இரண்டு இழுப்பு, பிறகு ஒரு விக்கல். மௌரீன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். இருபது வருஷம் கேட்டுப் பழகி, மழைக்காலம் முழுக்கக் கேட்காமல் போன சிரிப்பு அது. இடைவேளையில் விளக்குப் போட்டதும் எழுந்துபோய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் அவள் கட்டிக்கொடுத்த டிபன் டப்பா தியோடர் மடியில் இருந்தது.

"நீ ஆபீஸ் போகல?"

"நீங்க பீன்யா போகல?"

தியோடர் தலை குனிந்துகொண்டார். "ஜூலையிலயே கம்பெனிய இழுத்து மூடிட்டாங்க மௌரீன்."

"எனக்கு ஜூன்."

"ஜூனா? அப்ப அந்த மிக்ஸி?"

"அப்ப அந்த சோபா?"

அவர் முகம் கோணிற்று. அழப்போகிறார் என்று மௌரீன் பயந்தாள். வந்தது விக்கல். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முறுக்கு விற்றவர் கூடையோடு நின்றுவிட்டார். இடைவேளைக்குப் பிறகு என்ன படம் ஓடியது என்று இருவருக்கும் தெரியாது.

அவர்கள் தெருமுனைக்கு வந்தபோது சோபா எதிரே வந்துகொண்டிருந்தது, பின்னால் டிவி. குழாயடியில் இருந்த பெண்கள் குடங்களை நகர்த்தி வழிவிட்டார்கள்.

"நாளைக்கு கார் கடைக்கு..." என்று மௌரீன் ஆரம்பித்தாள்.

"எந்த கார்?" என்றார் தியோடர். "பாப்பா படிக்கட்டும்."

மௌரீனுக்குப் பசித்தது. நாலு மாதத்தில் முதல்முறையாக, வயிறு காந்தும்படிப் பசித்தது. தெருமுனை இட்லிக் கடையிலேயே நின்று இரண்டு பேரும் ஆளுக்கு ஆறு இட்லி சாப்பிட்டார்கள்.

படம் கிறிஸ்துமஸ்வரை ஓடிற்று. தியோடர் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தார், மௌரீன் ஒரு பல் டாக்டரிடம். 2005-ல் பிரிஜெட் நர்ஸானாள். 2008-ல் மறுபடி வேலைகள் போகத் தொடங்கியபோது ஜோகுபாளையத்தில் யாரும் பெரிதாகக் கலங்கவில்லை. நல்ல சிரிப்புப் படம் எப்போது வரும் என்று மட்டும் விசாரித்தார்கள். பீரோக்கள் தடுக்கி விழக்கூடாது என்று கார்ப்பரேஷனும் முன்கூட்டியே ஆள் அனுப்பி, தெருப் பள்ளங்களை மூடிவைத்தது.