மூணு கோட் பெயிண்ட்

பெயிண்டர் ஸ்பீக்கரின் துணியில் வலது காதை ஒட்டவைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கண்ணை இறுக்க மூடியிருந்தார். இடது காது எதற்கும் லாயக்கில்லை. பஸ் டிப்போவில் காற்றடிக்கும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்று பஸ்களுக்குப் பெயிண்ட் அடித்ததில் அது எப்போதோ மக்கர் பண்ணிவிட்டது. மிச்சமிருந்தது இந்த ஒற்றைக் காதுதான். ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழ் கடைசிவரை திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பாட்டு எதுவும் போடவில்லை. பாட்டில்லாமல் வால்யூமை முழுக்க வைத்தால் ஸ்பீக்கரில் என்ன கேட்கிறதோ அதுதான் அந்தப் பெட்டியின் யோக்கியதை என்பது அவர் மனைவி போட்ட சட்டம். ஒன்றும் கேட்கக்கூடாது.

கேட்டது. மூடிய டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி, ஊம் என்று விடாமல் கேட்டது.

உள்ளறையில் நாலு தலையணையில் சாய்ந்தபடி மனைவி காத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அவளால் இந்தச் சின்ன ஊம் சத்தத்தைக் கேட்க முடியாது. மெஷினை விட்டு எழுந்து ஹாலுக்கு வரவும் முடியாது. அதனால் மூன்று வாரமாக அவளுக்குக் காது இவர்தான்.

அக்கம்பக்கத்தில் அவளை டெலிபோனக்கா என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருஷம் டெலிபோன் ஆபீசில் மெஷின்களைப் பழுது பார்த்தவள். வீட்டுக்கு வந்தால் சமையலறை மேடையில் பாதி அடுப்புக்கு, பாதி ஈயம் உருக்கி ஒயரை ஒட்டுகிற சால்டரிங் கம்பிக்கு. பல்பு மாதிரிக் கண்ணாடி வால்வுகள் வைத்த ஆம்ப்ளிஃபயர்களைத் தன் கையாலேயே செய்வாள். தகரப் பெட்டியை வளைக்கக் கொடுப்பது மட்டும் வெளியே. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றுவது முதற்கொண்டு மற்றதெல்லாம் அவளே. பெட்டிக்குப் பெயிண்ட் இவர். இதுவரை முப்பத்தெட்டு செட்டு. கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. செருப்புத் தைக்கிறவர் வீட்டில் செருப்பு இருக்காது என்று இவர் கேலி செய்யும்படி, சொந்த வீட்டு ஹாலுக்கென்று ஒன்றுகூடச் செய்யவில்லை. முப்பத்தொன்பதாவதுதான் நம் வீட்டுக்கு என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்த மாதத்தில் நுரையீரல் காலை வாரிவிட்டது.

மகள் ஹால் கதவோரம் நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். கிட்டே வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"சத்தம் போயிடுச்சுன்னு சொல்லிடுங்கப்பா. டாக்டர் இன்னிக்கோ நாளைக்கோன்னுட்டார். நிம்மதியாவாவது போகட்டும்."

மகள் சொன்னதில் தப்பில்லை. ஊரில் எல்லாரும் செய்வதுதான். பெயிண்டரும் ஒன்றும் சத்தியவந்தர் இல்லை; லீவு கேட்கச் செத்துப்போன சித்தப்பாவை இரண்டு தடவை சாகடித்தவர். ஆனால் கல்யாணமான புதிதில் ஒருமுறை, அவள் செய்த இரண்டாவது செட்டைச் சரியாகக் கேட்காமலே "பிரமாதம்" என்று சொல்லிவிட்டார். அவள் சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் எந்தச் செட்டைப் பற்றியும் அவரிடம் கேட்கவே இல்லை. அந்த ஒரு வருஷம் வீட்டில் மூன்றாம் மனுஷனாக இருந்தது அவருக்கு மறக்கவில்லை.

உள்ளே போனார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"இருக்கு" என்றார்.

"எவ்ளோ?"

"முந்தாநாள் மாதிரியேதான். குறையல."

மகள் நெற்றியில் அடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். டெலிபோனக்காவின் உதட்டோரம் லேசாகக் கோணியது. இல்லையென்று சொல்லச் சொல்லி மகள் ஓதியிருப்பாளே என்று கேட்டாள். ஒவ்வொரு நாலு வார்த்தைக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது. பெயிண்டர் அவளுடைய போர்வையைச் சரி செய்தார்.

அவள் செய்யாதது ஒன்றும் பாக்கியில்லை. கட்டிலிலேயே பலகை போட்டு, நடுங்குகிற கையால், டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டாள். வால்வுகளை மாற்றிப் பார்த்துவிட்டாள். ஒயர்களைப் பிரித்து மறுபடி முறுக்கிவிட்டாள். சத்தம் அசையவில்லை. போன வாரம் ஒரு மத்தியானம் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் கை போயிடுச்சுங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைக் கேட்டபோதுகூட அழாதவள் அன்றைக்கு அழுதாள்.  அவள் சாவை நினைத்துக்கூடப் பெயிண்டர் பயப்படவில்லை. இந்த நினைப்போடு அவள் போய்விடக்கூடாதே என்றுதான் பயந்தார்.

இப்போது அவள் யோசித்தாள். அடியில் எல்லா எர்த் ஒயரையும் சேர்த்துப் பெட்டியோடு முடுக்கியிருக்கிற போல்ட்டைக் கழற்றி, மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொன்னாள். ஒருவேளை தன் கையில் பலமில்லாமல் லூசாக விட்டிருக்கலாம் என்றாள்.

"பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிஷம் விடுங்க. கடிகாரத்தைப் பார்த்து."

உள்ளே இருக்கிற கண்டென்சர்களில் கரண்ட் தங்கியிருக்கும், தொட்டால் ஆளையே தூக்கிப் போட்டுவிடும். அவருக்கும் தெரியும். இருந்தாலும் முப்பத்தொன்பதாவது தடவையாகச் சொன்னாள்.

ஹாலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் மூச்சை எண்ணிவிடலாம் போல இருக்கிற நாளில் பத்து நிமிஷம் சும்மா உட்காருவது சாமானியப்பட்ட காரியமில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் பெட்டியைப் பார்ப்பதுமாக இருந்தார். என்ன இருந்தாலும் பெயிண்ட் அழகுதான். கரும்பச்சை. அவள் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பழைய உரிமையில் டிப்போவுக்கு எடுத்துப் போய் அடித்தது. பிரைமர் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, ஒரு கோட், மறுபடி தேய்த்து இன்னொன்று, மூன்றாவதும் ஒன்று. நம் வீட்டுக்குப் போகிற பெட்டியாயிற்றே என்று, வழக்கமாக அடிக்காத உள்பக்கத்துக்கும் மூணு கோட். துளைகளின் விளிம்பைக்கூட விடவில்லை. டிப்போ ஃபோர்மேன் வந்து பார்த்துவிட்டு, இது பெட்டியா இல்லை கல்யாணப் பொண்ணா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்து நிமிஷம் ஆனது. பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து, ஸ்பேனரைப் போட்டு எர்த் போல்ட்டைத் திருப்பினார். லூசாக இல்லை. நடுங்குகிற கையால் முடுக்கியது என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கே தம் பிடிக்க வேண்டியிருந்தது. போல்ட் கழன்றது. பித்தளை வளையத்தைத் தூக்கினார்.

வளையத்துக்கு அடியில் அவருடைய பெயிண்ட், ஒரு கீறல் இல்லாமல், கரும்பச்சையாக மின்னியது.

 முப்பத்தெட்டு பெட்டியிலும் அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெறும் இரும்பு இருக்கும். பெயிண்டுக்குக் கொடுக்கும் முன்னால் அவள் பென்சிலால் அங்கே ஒரு வட்டம் போடுவாள். இவர் அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு அடிப்பார். வளையம் இரும்பைத் தொட்டால்தான் எர்த். பெயிண்டைத் தொட்டால் எர்த் இல்லை, அந்த ஊம் சத்தம்தான். இந்தத் தடவை அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வட்டம் இல்லை. வட்டம் இல்லையே என்று இவரும் யோசிக்காமல் அமுக்கி அடித்திருக்கிறார். அவளோ கண் மங்கிய நிலையில், வழக்கம்போல் இடம் விட்டிருப்பார் என்ற நம்பிக்கையில், தடவிப் பார்த்தே போல்ட்டை முடுக்கியிருக்கிறாள். மூன்று வாரம் வால்வையும் ஒயரையும் மாற்றி மாற்றி அல்லாடியிருக்கிறாள். அடப்பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

சத்தமில்லாமல் சுரண்டிவிட்டு, போல்ட் லூசாக இருந்தது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த எண்ணம் வந்ததும் உண்மை. ஆனால் அப்படிச் சொன்னால் குற்றம் அவள் கை மேல் நிற்கும். ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே ஓடினார். முதலில் சுரண்டி, மாட்டி, கேட்டுவிட்டு வந்து சொல்வதற்கு இன்றைக்கு நேரத்தை நம்ப முடியாது.

"உன் கை எங்கயும் போகல" என்றார். மூச்சு வாங்கியது. "நீ கல்லு மாதிரி முடுக்கிருக்க. தப்பு என்னுது. எர்த் வைக்கிற இடத்துல பெயிண்ட் அடிச்சுட்டேன்."

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"உள்ளயுமா அடிச்சீங்க?"

"மூணு கோட்."

"யாரு அடிக்கச் சொன்னா?"

"நம்ம வீட்டுக்குன்னு..." என்று இழுத்தார். அப்புறம் ஒரு வீம்பு வந்தது. "நீ வட்டம் போடல."

"வட்டம் போடாட்டி விடத் தெரியாதா? முப்பத்தெட்டு பெட்டி அடிச்சவருக்கு."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சாகக் கிடக்கிற நாளில் பொத்தான் அளவு இடத்துக்காகச் சண்டை போடுகிற ஜோடியை அவள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது. டெலிபோனக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, மகள் ஓடிவந்து முதுகைத் தடவி, ஆக்சிஜன் குழாயைச் சரி செய்யும்படி ஆயிற்று. அடங்கியதும் தன் வலது கையை எடுத்துப் பார்த்தாள். விரல்களை மடக்கினாள், நீட்டினாள். பிறகு அந்தக் கையால் அவருடைய முழங்கையைத் தட்டினாள்.

"கரண்ட்டே உள்ள போக முடியாதபடி அடிச்சிருக்கீங்க. பெயிண்டர்னா நீங்கதான் பெயிண்டர்."

கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவர் பெயிண்டைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.  சுரண்டிட்டு வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

தன் பெயிண்டைத் தானே சுரண்டுவது தோலை உரிப்பது மாதிரிதான் இருந்தது. பேனாக்கத்தியால் மூன்று கோட்டையும் எடுத்து, பிரைமரையும் எடுத்து, உப்புத்தாளால் தேய்த்தார். பொத்தான் அளவுக்கு வெள்ளையாக இரும்பு தெரிந்தது. வளையத்தை வைத்து போல்ட்டை முடுக்கினார். நிமிர்த்தி, பிளக்கைச் சொருகி, வால்வுகள் சூடாகும்வரை நின்று, வால்யூமை முழுக்கத் திருப்பி, காதை வைத்தார்.

ஒன்றுமில்லை. ஒற்றைக் காதை நம்பாமல் மகளைக் கூப்பிட்டார். அவள் இளங்காது. அவளும் வைத்துப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினாள். ஆட்டிய தலையை அப்படியே அவர் தோளில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் சொல்லியும் டெலிபோனக்காவுக்குப் போதவில்லை. தானே கேட்க வேண்டும் என்றாள். ஒரு நிமிஷம் மெஷினை நிறுத்தச் சொன்னாள். மகள் முடியவே முடியாது என்றாள். விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டுகிற கிளிப்பின் எண் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பெயிண்டரைப் பார்த்தார்கள்.

"நான் நிறுத்துறேன்" என்றார் அவர்.

நீளமான ஒயரோடு ஸ்பீக்கரைத் தூக்கிவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். மெஷினின் பொத்தானை அமுக்கினார். இரைச்சல் அடங்கியதும், மூன்று வாரத்துக்குப் பிறகு வீட்டில் தெருவின் சத்தம் கேட்டது. யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜன்னலை மூடினாள் மகள். டெலிபோனக்கா ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்தாள். முகத்தில் நோயாளி காணாமல் போய், வேலை செய்கிறவள் வந்து உட்கார்ந்தாள். குற்றம் கண்டுபிடிக்கிற முகம். எதையாவது கண்டுபிடித்துவிடுவாளோ என்று பெயிண்டர் பரீட்சை எழுதியவன் மாதிரி நின்றார்.

"ம்" என்றாள்.

முப்பத்தெட்டு செட்டுக்கும் அவள் கொடுத்தது அந்த ஒரு எழுத்துதான். அதற்கு மேல் அவளிடம் சர்டிபிகேட் கிடையாது. பெயிண்டர் மெஷினைத் திரும்பப் போட்டார்.

பிறகு தூங்கினாள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் இடைவெளி கூடியது. மகள் ஒரு கையையும் இவர் ஒரு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் பிடித்திருந்தது வலது கை. கட்டை விரலில் பழைய சால்டரிங் சூட்டுத் தழும்பு இருந்தது. நாலே காலுக்கு அடுத்த மூச்சு வரவில்லை. மகள் வாய்விட்டு அழுதாள். பெயிண்டரும் அழுதார், ஆனால் அந்த அழுகைக்குள்ளேயே, அவள் தோற்றுப்போகாமல் போனாள் என்கிற நிமிர்வும் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவளை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். தெருவில் நாற்காலி போட்டிருந்தது. வந்தவர்கள் பார்த்தார்கள், அவர் கையைப் பிடித்தார்கள், ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கர் சுவரோரம் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் பழைய இடத்துக்கே வந்திருந்தது. ஜன்னல் வெயில் நேராக அந்தப் பெட்டியின் மேல் விழுந்து பச்சை பளிச்சென்று இருந்தது.

பத்து மணிக்கு டெலிபோன் ஆபீசில் அவளோடு வேலை பார்த்த டெஸ்டர் வந்தார். லைன் டெஸ்ட் பண்ணுகிற மேஜையில் உட்கார்ந்தே கிழவரானவர். ஊருக்கு வெளியே ஒயரில் ஈரம் இறங்கியிருந்தால் அதைக்கூடக் காதாலேயே சொல்லிவிடுவார் என்று அவள் ஒருத்தரைப் புகழ்ந்ததுண்டு என்றால் அது இவரைத்தான். அவள் காலடியில் ரொம்ப நேரம் நின்றார். இதுதான் கடைசி செட்டா என்று கேட்டார். பெயிண்டர் தலையசைத்தார்.

டெஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். வால்யூம் குமிழ் கடைசிவரை திரும்பியிருப்பதைப் பார்த்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்தார். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களைக் கையமர்த்தினார். ஹாலில் பேச்சு நின்றது. அவர் காதை எடுக்கவில்லை. ஒரு பக்கத்துக் காது போதாதென்று முகத்தைத் திருப்பி மறு காதையும் வைத்தார். கடைசியில் நிமிர்ந்தார்.

"சுவிட்ச் போடலையா?" என்று கேட்டார்.

பெயிண்டர் அவருடைய கையைப் பிடித்து இழுத்து, வெயிலில் வெறும் கண்ணாடியாகத் தெரிந்த வால்வுகளுக்கு மேலே கொண்டுபோனார். டெஸ்டர் சூடு தாங்காமல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கையைத் தேய்த்தபடி, கிடத்தியிருந்தவள் பக்கம் திரும்பி நின்றார்.