பிரிக்கக் கூடாத பட்டை

இந்தக் காலத்தில் யாரும் எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஒட்டிய பெட்டியை மேசைமேல் வைத்து, நம்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறார்கள். நம்பி எடுத்துப் போக அவன் என்ன மாமனா மச்சானா என்பது பெரியவரின் கட்சி. ஒரு வாளி வாங்கினால்கூடத் தட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, அடியில் விரலை ஓட்டிப் பார்த்து வாங்கியவர் அவர். இப்போது மருமகள் ஃபோனில் விரலைத் தேய்க்கிறாள், வாசலில் பெட்டி வந்து விழுகிறது. உள்ளே இருப்பது சரக்கா செங்கல்லா என்று கேட்டால் சிரிக்கிறாள்.

அன்று காலை வந்து விழுந்தவை நீளமான இரண்டு பெட்டிகள். அவருடைய பழைய பெரிய வண்டியின் பின்பக்கத்துக்கு இரண்டு ஷாக் அப்சார்பர்கள்.

வண்டிக்கு என்ன வியாதி என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்ச நாளாகவே சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் பின்பக்கம் படகு மாதிரி ஆடிக்கொண்டே வரும். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அது தாலாட்டு. பின்னால் இருப்பவருக்கு இடுப்பு கழன்றுவிடும். பின்னால் இருப்பவர் எப்போதும் அவர் மனைவிதான். முன் சீட்டில் உட்கார்ந்தால் இவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அந்த அம்மாள் பின் சீட்டைப் பிடித்துப் பல வருஷமாகிறது. போன வாரம் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது அந்த அம்மாளின் தலை கூரையில் இடித்து, மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, இனி இந்த வண்டியில் ஏறுவதில்லை என்று நிதானமாகச் சொன்னார்.

பெரியவருக்குச் சுருக்கென்றது. நீ ஏறாத வண்டி எனக்கெதற்கு, உன் தம்பிக்கே தள்ளிவிடுகிறேன் என்று வாயை விட்டார். அந்தத் தம்பி வண்டிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவன். அக்காள் ஃபோனில் சொல்லி முடிப்பதற்குள், ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றுவிட்டான். சொன்ன சொல்லை விழுங்குவது பெரியவருக்குப் பழக்கமில்லை. எனவே ஒரே வழிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மனைவி தானாகவே வண்டியில் ஏறியாக வேண்டும்.

பட்டறைக்குக் கொண்டு போகலாம்தான். ஆனால் பட்டறையில் விட்ட வண்டி அதே வண்டியாகத் திரும்பி வரும் என்று அவர் ஒருநாளும் நம்பியதில்லை. வீட்டிலேயே நான் மாற்றித் தருகிறேன் என்று மருமகள் முன்வந்தாள். அவள் பல் டாக்டர். பிறந்த வீட்டில் அண்ணன்களோடு சேர்ந்து வண்டிகளுக்கு அடியில் படுத்து வளர்ந்தவள் என்று சொன்னாலும், பல் பிடுங்குகிற கையை வண்டியில் வைக்காதே என்றுதான் பெரியவர் முதலில் சொன்னார். மகன் வேலை நிமித்தம் வெளியூரில் இருந்ததால், அவருக்கு வேறு ஆளும் இல்லை.

வீட்டுப் பக்கவாட்டில் சிமென்டு தரை. மருமகள் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாள். ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, பின் சக்கரங்களைக் கழற்றினாள். பிறகு ஜாக்கியை அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் தொட வேண்டும், இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் அச்சு தொங்கிப் போய்ப் பிரேக் குழாயை இழுத்துவிடும் என்று படுத்தபடியே விளக்கினாள். பெரியவர் ஸ்டாண்டைக் காலால் ஓர் உதை விட்டுப் பார்த்தார்.

"மாமா, நான் அடியில படுத்திருக்கேன்."

"அதனாலதான் உதைச்சுப் பாக்கறேன்."

கீழ் போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஊற வைத்தாள். பெரியவர் தன் பங்குக்கு ஒரே இழுப்பாக இழு என்றார். அவள் ஸ்பேனரைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று அசைத்துக்கொண்டே இருந்தாள். கடைவாய்ப் பல் மாதிரிதான், இழுத்தால் முறியும், ஆட்டினால் வரும் என்றாள். இரண்டு மாதமாக ஒரு பக்கமாகவே மென்று, அதை அவளிடம் சொல்லாமல் மறைத்து வந்த பெரியவரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

ஒருவழியாகப் பழைய ஷாக்கு வெளியே வந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் கசிந்து, அழுத்தினால் உள்ளே போய் அப்படியே கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் கிளினிக்கிலிருந்து ஃபோன். யாருக்கோ தாடை வீங்கியிருக்கிறதாம். எதையும் தொட வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சொல்லாமல் போயிருந்தால் ஒருவேளை தொட்டிருக்க மாட்டார்.

பெட்டியைப் பிரித்தார். ஷாக்கு கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பே அவருக்குப் பிடிக்கவில்லை. பழசுக்கு பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? போதாததற்கு அதன் தண்டை உள்ளே அமுக்கி, மேலிருந்து கீழ்வரை ஒரு முரட்டு பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒழுங்கான பொருளை எதற்குக் கட்டிப்போட வேண்டும்? கட்டை அவிழ்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும் என்று பயம். பெரியவர் கத்தியை எடுத்துப் பட்டையை அறுத்தார்.

மடியில் கிடந்த ஷாக்கு, தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிப்பதுபோல் மெல்ல நீண்டது. நீண்டு அவர் நெஞ்சைத் தள்ளியது. அமுக்கினார், போனது. விட்டார், வந்தது. நாலைந்து தரம் அமுக்கி விளையாடி, சரக்கில் உயிர் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதை வண்டியடியில் வைத்துப் பார்த்தார். பொருத்த வேண்டிய இடத்தைவிட ஷாக்கு அரை சாண் நீளமாக இருந்தது. தரையில் நிறுத்தி உடம்பைச் சாய்த்து அமுக்கினால் குட்டையானது. ஆனால் இரண்டு கையும் அதன் தலையிலேயே இருந்தன. கையை எடுத்தால் மறுபடி எழுந்து நின்றது.

மருமகள் திரும்பி வந்து அறுந்த பட்டையைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அது உங்கள என்ன மாமா பண்ணுச்சு?"

"உயிர் இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கா?"

"ரொம்பவே இருக்கு."

மறுபடி அமுக்கிக் கயிற்றால் கட்டிவிடலாம், ஆனால் மூன்று பேர் வேண்டும் என்றாள் அவள். ஷாக்கு நழுவாமல் இருக்க இரண்டு பேர் சேர்ந்து அமுக்க வேண்டும், ஒருவர் கட்ட வேண்டும். அத்தையைக் கூப்பிடலாம் என்றதும் பெரியவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. இந்தக் கூத்தை அவள் பார்த்தால் தம்பியை ஞாயிற்றுக்கிழமை வரை காக்க வைக்கமாட்டாள், இன்றைக்கே வரச் சொல்லிவிடுவாள் என்றார்.

"கத்தி எடுக்கும்போதே பாத்துட்டேன்," என்று சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "எதுவரைக்கும் போறீங்கன்னுதான் நின்னேன்."

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஷாக்கைப் படிமேல் செங்குத்தாக நிறுத்தி, அதன் தலையில் ஒரு துணியை மடித்து வைத்தார்கள். துணிமேல் பெரியவரின் கை, அவர் கைமேல் மனைவியின் கை. இருவரும் எதிரும் புதிருமாகக் குனிந்து பாரத்தைக் கொடுத்தார்கள். நெற்றியும் நெற்றியும் முட்டின.

"மூச்சு மேல படுது, தள்ளி நில்லுங்க."

"தள்ளினா அது எந்திரிச்சுடும்."

"முப்பத்தஞ்சு வருஷத்துல நீங்க எனக்கு இவ்வளவு பக்கத்துல வந்து ஒரு வேலை செஞ்சதில்ல."

மருமகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் முதல் முடிச்சு நழுவிவிட்டது. மறுபடி அமுக்கினார்கள். சீக்கிரம் கட்டித் தொலை என்று பெரியவர் முனகினார். அவள் வேண்டுமென்றே மெதுவாகக் கட்டினாள் என்பது அவருடைய சந்தேகம்.

மேல் நட்டு ஏறியது. கீழ் முனையின் துளையும் போல்ட்டும் நேருக்கு நேர் நின்றபோது கயிற்றை அறுத்தாள். ஷாக்கு தானாக நீண்டு தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இனி இரண்டாவது பெட்டி. ஒன்று நல்லதாக இருந்தால் மற்றொன்றும் நல்லதாக இருக்கும் என்று என்ன நிச்சயம் என்று பெரியவர் ஆரம்பித்தார். மருமகள் பெட்டியைத் தூக்கி அத்தையின் மடியில் வைத்தாள். அந்த அம்மாள் அதைக் குழந்தை மாதிரி அணைத்தபடி படியில் உட்கார்ந்து, கேட்ட பிறகுதான் கொடுத்தார். அது கட்டு அவிழாமல் அரைமணியில் ஏறிவிட்டது.

கீழ் போல்ட்டுகளை மட்டும் அவள் முழுதாக இறுக்காமல் வைத்திருந்தாள். வண்டி சக்கரத்தில் நின்ற பிறகு இறுக்கினால்தான் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொள்ளாது என்றாள். பெரியவர் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை. சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, அவள் கடைசி இறுக்கு இறுக்கும்வரை ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு சாவியோடு ஏறி உட்கார்ந்தார். மனைவியைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு ஒருமுறை மாட்டேன் என்றுவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. இன்ஜினைப் போட்டுவிட்டு, கிளம்பாமல் கண்ணாடியைச் சரி செய்தார். சீட்டைச் சரி செய்தார். மறுபடி கண்ணாடியைச் சரி செய்தார். பின் கதவு திறந்தது.

"நான் அமுக்கிக் குடுத்த சாமான். ஒழுங்கா நிக்குதான்னு நான் பாக்க வேண்டாமா?"

தெருமுனை வேகத்தடைக்குப் பக்கத்தில் பெரியவர் வண்டியை ஊர்ந்து போகவிட்டார். எதற்கு ஊர்வலம், நேராக விடுங்கள் என்று பின்னாலிருந்து உத்தரவு. விட்டார். வண்டி ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். பின்னால் சத்தமே இல்லை. அவருக்குப் பயமாகிவிட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள், இன்னொரு சுற்றுப் போகலாம் என்றது குரல். மூன்றாவது சுற்றில் அந்த அம்மாள் ஃபோனை எடுத்துத் தம்பியிடம் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை வராதே. வண்டி எனக்கு வேணும்."

வீட்டுக்கு வந்து இறங்கியதும், கிரீஸ் கையோடு நின்றிருந்த மருமகள் எப்படி மாமா என்று கேட்டாள். பெரியவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இரண்டு குழாய்க்கு இவ்வளவு சக்தி இருக்கும் என்பதை அவர் மனது ஏற்கவில்லை. அதிலும் அவை ஒட்டிய பெட்டியில் வந்த பொருள்.

"வண்டி சரியாகலம்மா. அந்த வேகத்தடையை எவனோ செதுக்கிட்டான்."

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகமாக இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்றார் அந்த அம்மாள். பெரியவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, வேகத்தடையைச் சாண் போட்டுப் பார்க்கத் தெருமுனையை நோக்கி விறுவிறுவென்று நடையைக் கட்டினார்.