விற்பது யார்?

விலை சரிந்த பங்கைப் பார்த்தால் எனக்குப் பசி எடுக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, அதற்குத்தான் சம்பளம். கல்கத்தா அலிப்பூரில் ஒரு சின்ன முதலீட்டு நிறுவனத்தில் ஆசியச் சந்தைகளை மேய்வது என் வேலை. வேலையை நிரந்தரமாக்குவார்களா இல்லையா என்பது தெரிய இரண்டு வாரம் இருந்தபோது ஹாங்காங், சியோல், பாங்காக் எல்லாம் ஒன்றாக விழுந்தன.

வெளியே காளிகாட் கடைகளில் சொய்த்ரோ சேல். தங்கள் வருடம் முடியும் ஏப்ரலில் வங்காளிகள் பழைய சரக்கைத் தள்ளிவிடும் தள்ளுபடி. "நமக்கும் இப்ப அதேதான். போய்ப் பொறுக்கிட்டு வா" என்றார் முதலாளி ராஜ்மோகன். கல்கத்தாவிலேயே பிறந்த தமிழர், கோபம் வந்தால் மட்டும் வங்காளி. எந்தப் பங்கைச் சிபாரிசு செய்தாலும் தாளின் முதல் வரியில் அதை விற்பது யார், ஏன் விற்கிறார் என்று எழுத வேண்டும். அது இல்லாமல் அவர் ஒரு ரூபாய்கூட எடுக்க மாட்டார்.

அன்று காலையில்தான் கார்டன் ரீச் வீட்டிலிருந்து அப்பா போன் செய்திருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அவரும் நண்பர்களும் ஓர் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு ஆசியப் பங்குகளை வாங்கும் ஒரு சின்ன ஃபண்டில் பணம் போட்டிருந்தார்கள். மேல்மாடி விசாலம் மாமி முழங்கால் ஆபரேஷனுக்கு வைத்திருந்ததையே போட்டிருந்தாள்.

"எடுத்துடலாமாடா நவநீத்?" என்று கேட்டார்.

எனக்கு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. "பயமா இருந்தா எடுத்துடுங்கோப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த வாரம் ஒரு கம்பெனி கண்ணில் பட்டது. தாய்லாந்தில் மத்தி மீனை டப்பாவில் அடைப்பவர்கள். கடன் கிடையாது. வங்கியில் அவர்கள் வைத்திருந்த பணமே மொத்தப் பங்குகளின் விலையைவிட அதிகம். தொழிற்சாலையும் மீனும் இலவசம். ஆனால் தினமும் யாரோ கிடைத்த விலைக்கு விற்றுக்கொண்டே இருந்தார்கள். கம்பெனியில் ஏதாவது ஓட்டை இருந்து, அது தெரிந்தவன் விற்கிறான் என்றால் என் வேலை போச்சு. மூன்று நாள் அறிக்கைகளைக் குடைந்தேன். ஓட்டை எதுவும் அகப்படவில்லை. முதல் வரியும் காலியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை ராஜ்மோகனே பாங்காக் தரகரிடம் பேசினார். பிறகு கல்கத்தாவுக்குள்ளேயே இன்னொரு நம்பருக்குப் பேசினார். வைத்துவிட்டுச் சிரித்தார்.

"விக்கறது நம்ம ஊர் ஃபண்டுதாம்பா. கார்டன் ரீச், கரக்பூர்னு ரயில்வே பென்ஷன்காரங்க கூட்டமா பணத்தைத் திருப்பிக் கேக்கறாங்களாம். குடுக்கறதுக்காக இருக்கறதையெல்லாம் விக்கறாங்க. கம்பெனி மேல ஒரு குறையும் இல்ல. எழுது."

மாடிப்படிப் பக்கம் போய் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"நான் அன்னிக்கே எடுத்துட்டேனே" என்றார். "நீ சொன்னேன்னு வாக்கிங்ல சொன்னேன். வாட்ஸாப் குரூப்லயும் போட்டேன். கரக்பூர்க்காராகூட எடுத்துட்டா. நம்ம பையன் அந்த வேலையிலேயே இருக்கான், தெரியாமலா சொல்வான்னு எல்லாருக்கும் ஒரு தைரியம்."

"மாமி?"

"அவளுக்குப் பாதிதான் தேறித்து. அந்த மட்டும் தப்பிச்சுதே, நவநீத் நன்னா இருக்கணும்னு சொன்னா."

உள்ளே வந்து முதல் வரியை எழுதினேன். விற்பவர்கள்: பயந்துபோன பென்ஷன்காரர்கள். காரணம்: தப்பான ஆலோசனை. ராஜ்மோகன் படித்துவிட்டு, இதைவிட நல்ல காரணம் கிடைக்காது என்றார். அன்றே வாங்க ஆரம்பித்தோம்.

துர்கா பூஜைக்குள் மத்தி மீன் இரட்டை விலைக்குப் போயிற்று. எனக்கு வேலை நிரந்தரமானது, போனஸும் வந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் விற்றதை வாங்கியது நாங்கள்தான் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"போனஸை மாமிக்குக் குடுத்துடறேம்பா."

"என்னன்னு சொல்லிக் குடுப்பே?"

அப்பா டிவியை அணைத்தார்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாதே. இருக்கற பணம் ஆபரேஷனுக்குப் போறாதாம். சந்தை ஏறிடுத்தாமே, மறுபடி போடலாமான்னு உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னா. படி இறங்க முடியல, இல்லேன்னா அவளே வந்து கேட்டிருப்பா."