டிசம்பர் யாருடைய முறை

ஜுவேரியாவுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. நொச்சிக்குப்பத்துக்கு எதிர்ச் சந்தில் தேசம்மா கட்டியிருந்த புதுக் கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு வந்தபோதும், கடைச் சாவி தன் கைக்குத்தான் வரப்போகிறது என்ற நினைப்போடுதான் வந்தாள். தரைத்தளத்தில் ஒரே ஒரு கடை. பழைய கட்டடத்தை இடிக்கும்போதே, அந்த இடத்தில் மறுபடியும் டீக்கடைதான் வரும் என்று தேசம்மா சொல்லிவிட்டாள். யாருக்கு என்பதுதான் பாக்கி. கேட்டு நின்றவர்கள் இரண்டு பேர். ஒன்று ஜுவேரியா. இன்னொன்று, மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சஃப்வான். அவன் முகத்தைப் பார்த்தால் கடை கேட்க வந்தவன் மாதிரியே இல்லை, ஊசி போட்டுக்கொள்ள வந்தவன் மாதிரி இருந்தது.

பழைய கடை இவர்கள் இருவரின் அப்பாக்கள் போட்டது. ஜுவேரியாவின் உப்பா அப்துல் கரீம், சஃப்வானின் உப்பா பீர் முஹம்மது. இருவருக்கும் மலப்புறம் பக்கம் ஒரே ஊர். கூட்டுக் கடை என்றாலும் இரண்டு பேரும் சேர்ந்து நின்று டீ ஆற்றியதே கிடையாது. அது முறைக் கடை. மூன்று மாதம் ஒருவர் மெட்ராஸில் கடையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் ஊரில் குடும்பத்தோடு இருப்பார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். முறை மாறும் நாளில், ரயிலிலிருந்து இறங்கி வருகிறவருக்குப் போகிறவர் ஒரு டீ போட்டுக் கொடுப்பார். குடித்து முடித்ததும் சாவி கை மாறும். வருஷத்துக்கு நாலு டீ. முப்பது வருஷக் கூட்டாளிகள் மெட்ராஸில் முகம் பார்த்துக்கொண்டது அவ்வளவுதான். தான் இல்லாத மூன்று மாதம் கடையில் என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது. நம்ப வேண்டியதுதான்.

குப்பத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? பாய்லருக்குப் பின்னால் யார் நின்றாலும் அவர் நாயர். தொப்பி வைத்து ஐந்து வேளை தொழுதாலும் நாயர்தான். அதில் கரீம் நாயர் பேச ஆரம்பித்தால் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது. பீர் நாயரோ கேட்ட கேள்விக்குத் தலையாட்டுவதையே பெரிய பேச்சாக நினைப்பவர். வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்! சந்தில் நாயர் என்றாலே எல்லோருக்கும் கரீமின் முகம்தான் ஞாபகம் வரும்.

கரீம் நாலு வருஷத்துக்கு முன்னால் காலமானார். பீர் முஹம்மது முழங்கால் தேய்ந்து ஊரோடு தங்கிவிட்டார். முறை பிள்ளைகளுக்கு வந்தது. பெண்பிள்ளை போய் டீ ஆற்றுவதா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். ஜுவேரியா மயிலாப்பூரில் கல்லூரி படித்தவள். குப்பத்துப் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆற்றுவது ஆணா பெண்ணா என்று டீக்குத் தெரியவா போகிறது என்று கேட்டுவிட்டு ரயிலேறினாள்.

வந்த முதல் முறையிலேயே அவள் கடைக்குள் நாலு நாற்காலி போட்டாள். விடியலில் இருந்து மீன் கூடையோடு குந்தியும் நின்றும் இடுப்பொடிந்த பெண்கள், தெருவில் நின்றபடி டீ குடிப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. அடுத்த முறைக்கு வந்த சஃப்வான், டீக்கடை என்றால் நின்றுதான் குடிக்க வேண்டும் என்று அந்த நாலையும் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போட்டான். அவள் முறையில் நாற்காலி உள்ளே வரும். அவன் முறையில் வெளியே போகும். கட்டடத்தை இடிக்கும் வரை இதே கூத்து. கடைசியில் இருவருக்கும் பேச்சே நின்றுபோய், கடை எனக்கு மட்டும் வேண்டும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் தேசம்மாவிடம் போய்க் கேட்டார்கள். தேசம்மா, "தொறக்குற அன்னிக்கு சொல்றேன்" என்று முடித்துக்கொண்டாள்.

அந்த நாள்தான் இது, செப்டம்பர் இருபது. பாதர் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். பிரியாணி அண்டா அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. வாசனை வந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் பேச்சு பழைய கடையின் பக்கம் திரும்பியிருந்தது.

"எம்பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில நான் குந்திக்கினு இருந்தப்போ, ஃபிளாஸ்க்ல டீ கொண்டாந்து குட்த்தது யாரு? நாயருதான்!" என்றாள் மீன்காரப் புஷ்பம்.

"எந்த நாயரு?" என்றார் பின்னாலிருந்த தனபாலன். கட்டுமரத்தை விட்டு ஃபைபர் படகுக்கு மாறியவர். எதையும் குறுக்குக் கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

"இன்னா கேள்வி இது? கரீம் நாயருதான். அந்த ஊமை நாயரா வருவாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜுவேரியாவும் சிரித்தாள். அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

தேசம்மா எழுந்தாள். அறுபத்திரண்டு வயசு, நல்ல உடம்பு, குரல் கடல் வரை கேட்கும். துணிப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்துப் பிரித்தாள். நீலக் கட்டம் போட்ட பழைய லுங்கி. துவைத்து, மடித்து, நடுவில் ஜெபமாலை வைத்திருந்தாள்.

"சுனாமி வந்த ஞாயித்துக்கிழம. தண்ணி வந்துட்டுப் பூட்ச்சு. கட்டின பொடவைய அலை உருவிக்கினு போச்சு. வெறும் பாவாடையோட, இடுப்புல எம்புள்ள ஜான்சன வச்சிக்கினு, இதே எடத்துல நிக்கிறேன். நாயரு ஒரு வார்த்த பேசல. கொடில கிடந்த இந்த லுங்கிய எடுத்து எம்மேல போத்தினாரு. புள்ளைக்கு சுடு பால ஆத்தி வாய்ல ஊத்தினாரு. மூணு நாளு அடுப்ப அணைக்கவே இல்ல. அந்த வாரமெல்லாம் எனக்கு சுயநெனவே இல்ல. நியூ இயர் தாண்டி, நன்றி சொல்லலாம்னு வந்து பாக்குறேன், கரீம் நாயரு டீ ஆத்திக்கினு கீறாரு. கால்ல வுழுந்தேன். 'இதெல்லாம் ஒரு பெரிய விசயமா தேசம்மா'ன்னாரு. அன்னிக்கே முடிவு பண்ட்டேன். இந்தக் கடை அந்த மனுசனோட ரத்தத்துக்குத்தான்." அவள் சாவியை நீட்டினாள். "வா கண்ணு."

கைதட்டல் எழுந்தது. ஜுவேரியா எழுந்து நடந்தாள். நாலாவது அடியில் கால் தயங்கியது.

ஒரு வார்த்தை பேசவில்லையா? உப்பாவா? தூக்கத்தில்கூடப் பேசுகிற மனிதர் ஆயிற்றே!

அந்த ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் இருபத்தாறு, அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போது பன்னிரண்டு வயசு. உப்பா ஊரில், வீட்டு டிவிக்கு முன்னால் நின்று, "என் குப்பம் போச்சே" என்று அழுதுகொண்டிருந்தார். அவள் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றைக்குமே பீர் முஹம்மதின் முறை. ஜனவரி ஒன்றாம் தேதிதான் உப்பா இங்கே வந்து சாவி வாங்கியிருப்பார். தேசம்மா நன்றி சொல்ல வந்தபோது நாயர் மாறியிருந்தார். காலில் விழுந்தவளிடம், அது நான் இல்லை என்று சொல்ல உப்பாவுக்கு மனசு வரவில்லை.

அவள் சஃப்வானைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவனே சும்மா இருக்கும்போது உனக்கென்ன வந்தது, வாங்கிக்கொள் என்று அவள் மனசு சொன்னது. செத்துப்போனவர் பெயரைச் சந்திக்கு இழுக்க வேண்டுமா என்றும் சொன்னது. இரண்டுமே நல்ல நியாயங்கள்தான். ஆனால் வாங்கிக்கொண்டால், தினமும் காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் தனக்கு வெட்கமாக இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு வேலை செய்கிற ஜாதி இல்லை.

சாவியை வாங்காமல் லுங்கியைத் தொட்டாள்.

"அத்தை, இது எங்க உப்பா லுங்கி இல்ல."

"இன்னா கண்ணு சொல்ற?"

"உப்பா கலர் லுங்கியே கட்ட மாட்டாரு. வெள்ளை வேட்டி, பச்சை பெல்ட்டு. உங்களுக்கே தெரியும். அன்னிக்கு அவரு ஊர்ல, எங்கூட, டிவி பாத்துக்கினு இருந்தாரு. பால் ஊத்துனது பீர் நாயரு. சஃப்வானோட அப்பா."

கைதட்டி முடித்துப் பிரியாணிக்குத் தட்டு எடுக்க எழுந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். தேசம்மா அவளையே பார்த்தாள்.

"ஒரு தபா கூட 'நான் இல்ல'ன்னு உங்கப்பன் சொல்லலியே ஜுவேரி."

இந்தக் கேள்விதான் வரும் என்று தெரிந்தும் அது வந்தபோது வலித்தது. "நாலு பேரு புகழ்ந்தா அவருக்குப் புடிக்கும் அத்தை. அவ்ளோதான். வேற பதில் எங்கிட்ட இல்ல." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அத்தனை பேர் முன்னால் உடைந்ததே என்று அவளுக்குக் கோபமாக வந்தது.

தேசம்மா நாற்காலியில் உட்கார்ந்து லுங்கியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "இத்தினி வருசமா சாந்தோம் கோயில்ல தப்பான ஆளுக்கா மெழுவத்தி ஏத்திக்கினு கீறேன்? மாதாவே! அந்த ஆளு உசுரோட கீறாரா?"

"முழங்கால்தான் சரியில்ல."

"டேய் நைனா!" என்று சஃப்வானைப் பார்த்துக் கத்தினாள். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு கீற? அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கியே! வந்து வாங்கிக்கோ சாவிய."

ஜுவேரியா பிரியாணிக்கு நிற்கவில்லை. கடற்கரைச் சாலைக்கு வந்தாள். வெயிலில் மீன் பலகைகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தோற்றுவிட்டோம் என்ற வருத்தம் இருந்தது. அதற்காகத் தலை குனியவில்லை. ஓ.எம்.ஆர். பக்கம், பெருங்குடியில் ஆபீஸ்கள் ஆயிரம் இருக்கின்றன, அங்கே ஒரு கடை பிடித்தால் ஆயிற்று என்று அதற்குள் யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

"இத்தா!" ஊர் வழக்கப்படி அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலிருந்து சஃப்வான் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளோடு பேசுகிறான், அதுவும் மலையாளத்தில். "உப்பா நேத்து ராத்திரி போன்ல சொன்னார். தேசம்மா சுனாமியைப் பத்திப் பேசுவா, நீ வாயைத் திறக்காதேன்னார்."

"ஏன்?"

"கரீமோட மகள் பேசாம சாவியை வாங்கிக்கிட்டா, கடை அவளோடதாவே இருக்கட்டும், சண்டை போடாம வந்துடுன்னார். கரீமுக்குக் கிடைச்ச பேரை நான் பறிக்க மாட்டேன்னார்." அவன் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். "அவளாவே உண்மையைச் சொன்னா, அவளை விட்டுடாதே, முறை போட்டுக்கோன்னார். நாம இல்லாத மூணு மாசமும் நேர்மையா நடத்துற கூட்டாளி இனிமே கிடைக்கிறது கஷ்டமாம்."

ஜுவேரியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ நான் சும்மா இருந்திருந்தா முழுக் கடையும் எனக்கு."

"ஆமா."

"வாயைத் திறந்ததால பாதி."

"ஆமா."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மீன் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பழைய ஜுவேரியாவாகிவிட்டாள்.

"நாற்காலி?"

"எடுக்க மாட்டேன்."

"உன் முறையிலயும்?"

"என் முறையிலயும்." அவன் சாவியைக் கையில் உருட்டினான். "அப்போ பழைய மாதிரியே வெச்சுக்கலாம். ஜனவரியிலிருந்து நீங்க, அக்டோபரிலிருந்து நான்."

"வேண்டாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் எனக்கு."

"எதுக்கு இத்தா? மழைக்காலம், போட்டெல்லாம் கரையில கிடக்கும், கடையில ஈ ஓட்டணும். நல்ல மாசத்தை எடுத்துக்குங்க."

ஜுவேரியா கையை நீட்டினாள்.

"டிசம்பர் இருபத்தாறாம் தேதி எங்க வீட்டு ஆள் ஒருத்தராவது அங்கே நிக்கணும். சாவியைக் கொடு."